முப்பத்தேழு வீதம்

சம்பளம் பத்தாம் தேதி.
இன்று எட்டு.
செக்ரோலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒரு பெயரைச் சொடுக்கி
அது திறப்பதற்குள்
தேநீர் குடித்து முடித்து
கோப்பையையும் கழுவி வைத்துவிடுகிறேன்.

கணினிப் பெட்டிக்குள் காற்றாடி
காலையிலிருந்து
கொழுந்து வாட்டும் மாடியின் விசிறிபோல் இரைகிறது.
மஸ்கெலியா மழையில் நனைந்த மப்ளரை
பெரிய கிளாக்கர் அதன்மேல் காயப்போட்டிருக்கிறார்.
காய்ந்தும் விட்டது.

"வயசாச்சு, மாத்தணும்" என்கிறார் அவர்.
"காசில்ல" என்கிறார் தொரை.
"கொண்டாங்க, ஆறாயிரம்" என்கிறார்
ஹட்டனில் கடை வைத்திருக்கும் இம்தியாஸ்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
பிரட்டுக்களம்தான் அதுவும்:
யார் வந்தது, யார் எவ்வளவு எடுப்பது.
என் செக்ரோல் ஓரமாக, கூச்சப்பட்டு,
இரண்டு வீதத்தோடு நிற்கிறது.
தொண்ணூற்றாறும் ஒருவனிடம்.
அப்டேட்.
கூடையில் ஒரு கொழுந்து இல்லை,
முழுப்பேர் வாங்குகிறான்.

பதினெட்டுக் கிலோவில் ஒன்று குறைந்தால்
அரைப்பேர் எழுதுகிற கை இது.
விடுமா?
முடித்துவிடு என்று அழுத்தினேன்.
போனான்.
பெட்டி மூச்சு விட்டது, நாற்பது விநாடி.
பிறகு பின்கதவால் வந்து
அதே இடத்தில் நின்றான்.

பழைய கணக்கைப் புரட்டினேன்.
தோல்வி. தோல்வி. தோல்வி.
பத்தொன்பது நாள்.
ஒவ்வொரு நாளும் முப்பத்தேழு வீதம் வரை.
ஒவ்வொரு நாளும்
எதிர்பாராத நிறுத்தம், இரவு பத்து பத்து.

பத்து பத்துக்கு இங்கே யார்?

வாட்ச்சர் அந்தோனிமுத்து தன் கொப்பியை நீட்டினார்.
பத்து பத்து, ஆபீஸ் மெயின் ஆஃப்.
கீழே கையெழுத்து.
ஒரு நாளும் தவறவில்லை.
"கரண்ட் பில்லு கூடுதுன்னு தொரைதானே சொன்னாரு?"

நாங்களோ ஐந்து மணிக்குத்
திரையை மட்டும் அணைத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்.

சோம்பேறி என்று நான் ஏசியவன்
ஒவ்வொரு காலையும்
முதல் நிரையிலிருந்து எடுத்திருக்கிறான்.
நிறுக்க வருமுன்னே
கூடையைக் கவிழ்த்தது நாங்கள்.

சேவையை நிறுத்தினேன்.
அவன் இறக்கி வைத்திருந்த ஃபோல்டரில்
பாதி பாதியாய்க் கிடந்த கோப்புகள்,
மூட்டையில் வெந்துபோன கொழுந்து.
எல்லாவற்றையும் தெரிந்து அழித்தேன்.
காலை ஏழு முதல் மாலை ஆறு வரை என் நேரம்,
அதற்குள் எழும்பாதே என்று குறித்தேன்.
இனி இரவில் தொடங்கு.
மப்ளரை எடுத்துக் கதவில் மாட்டினேன்.

நாலு வீதம்.
காற்றாடி அடங்கியதும்
தகரத்தில் மழை பெய்வது கேட்டது.
எப்போது தொடங்கியதோ.

மெயின் சுவிட்சில் ஒரு தாள் ஒட்டினேன்,
தமிழில், சிங்களத்தில்:
இன்று இரவு மட்டும் தொடாதீர்.
தொரையிடம் கேட்கவில்லை.

காலையில் கொப்பி மேசைமேல் இருந்தது.

பத்து பத்து, மெயின் ஆஃப் இல்ல. புள்ள சொல்லிச்சு.
பதினொன்று முப்பது, 37.
பதினொன்று ஐம்பது, 38.
(இதன்கீழ் இரண்டு கோடு.)
ஒன்று ஐந்து, 64. மழை. பன்றி ஒண்ணு வந்து போச்சு.
இரண்டு நாற்பது, நூறு. அணைஞ்சு எழும்பிச்சு.

"ராவெல்லாம் முழிச்சுக் கெடந்துச்சே,
அதுக்குப் பேரு போடுவீங்களா?"
சிரித்துக்கொண்டே கேட்கிறார்.
கண் இரண்டும் சிவந்திருக்கிறது.

சொடுக்கினேன், உடனே திறந்தது:
நூற்று நாற்பத்தொன்று, அந்தோனிமுத்து, இரவுக் காவல்.
ஒன்று என்று அடித்தேன்.
ஒன்றரை என்று அடித்துப் பார்த்தேன்.
அந்தக் கட்டம்
ஒன்றுக்கு மேல் ஏற்கவில்லை.